ஊதாத சங்கு: துருவும் பராமரிப்பின்மையும்



வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக உள்ள ஒரு வீட்டின் யன்னல் கம்பியையும், காலி வீதிக்கு அப்பால் உள்ளே தள்ளியிருக்கும் ஒரு வீட்டின் யன்னல் கம்பியையும் ஒப்பிட்டுப் பாருங்கள். கடற்பக்கக் கம்பியில் பூசிய வர்ணம் விரைவிலேயே கொப்பளித்துத் துரு எட்டிப் பார்க்கும். துறைமுகத்துக்கு அருகில் கொட்டாஞ்சேனையில் வசிப்போருக்கும் இது புதினமல்ல. பாடப்புத்தகத்தில் ‘இரும்பு துருப்பிடித்தல்’ எனப் படிக்கும் விடயம் இதுவே. அது ஒரு நாட்டின் உயிர்ப் பிரச்சினையாகவும் மாறக்கூடும் என்பதை இக்கட்டுரையில் நோக்குவோம்.

2004 டிசம்பர் 26 ஆம் திகதி காலை ஏறத்தாழ 7 மணிக்கு சுமாத்திராவுக்கு அருகே கடலடியில் பாரிய பூமியதிர்ச்சி ஏற்பட்டது. சுனாமி அலை இலங்கையின் கிழக்குக் கரையை அடைய ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் சென்றது. உயர்ந்த இடத்துக்கு நடந்தே போய்ச் சேர அந்நேரம் போதும். எனினும் கரையோர மக்களுக்கு அறிவிக்க ஒரு வழியும் இருக்கவில்லை. 30,000 இற்கு மேற்பட்டோர் இறந்தனர். இதன் பின்னர் 2005 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் நிறைவேற்றப்பட்டு, அனர்த்த முகாமைத்துவ நிலையம் உருவானது. கரையோரம் எங்கும் 77 முன்னெச்சரிக்கைக் கோபுரங்கள் நிறுவப்பட்டன. 2012 ஏப்ரல் 11 இல் சுமாத்திராவுக்கு அப்பால் 8.6 அளவான பூமியதிர்ச்சி ஏற்பட்டபோது கரையோர மக்கள் எச்சரிக்கப்பட்டு வெளியேறினர். நல்லவேளை, பெரிய அலை வரவில்லை. ஆனால் 2020களில் இக்கோபுரங்கள் செயலிழந்து நிற்கும் செய்தி பத்திரிகைகளில் வெளிவந்தது.

ஏன் இப்படி நேர்கிறது? முதலில் இரசாயனத்தைப் பார்ப்போம்.

இரும்பு துருப்பிடிக்க இரண்டு காரணிகள் அவசியம்: ஒட்சிசன், நீர். இரும்பு இலத்திரன்களை இழந்து அயனாகிறது, இது ஒட்சியேற்றம். அவ்விலத்திரன்களை ஒட்சிசனும் நீரும் பெற்று ஐதரொட்சைட்டு அயன்களைத் தருகின்றன, இது தாழ்த்தல். ஈற்றில் நீரேற்றப்பட்ட இரும்பு ஒட்சைட்டு, அதாவது துரு, உண்டாகிறது. துரு நுண்துளைகள் கொண்டது, உதிர்ந்து விழும். எனவே அடியிலுள்ள புதிய இரும்பும் தாக்கப்படுகிறது.

இங்கே பலர் விடும் ஒரு பிழையைக் கவனியுங்கள். ‘உப்பினால் துரு உண்டாகிறது’ என எழுதாதீர்கள். உப்பு துருப்பிடித்தலை விரைவுபடுத்துகிறது என்பதே சரி. கடற்காற்றில் வரும் உப்பு, உலோகத்தின் மேலுள்ள நீர்ப்படலத்தின் மின்கடத்துதிறனைக் கூட்டுகிறது. ஈரத்தையும் பிடித்து வைத்திருக்கிறது. எச்சரிக்கைக் கோபுரம் நிற்க வேண்டிய இடமோ கடற்கரைதான்!

இதைத் தடுக்க இரும்புக்கு நாகப் பூச்சிடுவர். தாக்கவீதத் தொடரில் நாகம் இரும்புக்கு மேலே இருப்பதால் தானே முதலில் அரிப்புற்று இரும்பைக் காக்கிறது. ஆனால் நாகம் தீர்ந்தால் பாதுகாப்பும் தீர்ந்தது. அலுமினியப் பாகமும் இரும்பு ஆணியும் உப்பீரத்தில் ஒன்றையொன்று தொட்டிருந்தால் ஒரு சிறு மின்கலமே உருவாகி அரிப்பு கூடலாம்.

இனிக் கருவியைப் பார்ப்போம். பழைய வகைச் சங்கில் மோட்டர் ஒன்று துளைகளுள்ள சுழலியைச் சுழற்றி, வளியை வெட்டி வெட்டி வெளிவிடும். 12 துளைகள் கொண்ட சுழலி செக்கனுக்கு 40 தடவை சுழன்றால், மீடிறன் 12 × 40 = 480 ஹேர்ட்ஸ் ஆகும். தாங்கி துருவேறி வேகம் பாதியானால் மீடிறனும் 240 ஹேர்ட்ஸாகக் குறையும், ஒலியும் நலியும். புதிய வகை இலத்திரனியல் சங்கில் ஒலிபெருக்கியும் சேமிப்புக்கலமும் உண்டு. ஈய-அமிலக் கலத்தை மின்னேற்றாமல் நெடுநாள் விட்டால் தகடுகளில் ஈய சல்பேற்று இறுகிப் படியும்; கலம் பயனற்றுப் போகும்.

இரசாயனம் கதையின் பாதிதான். மற்றப் பாதி மனிதரைச் சார்ந்தது. பஸ் பழுதானால் அன்றே தெரியும், பயணிகள் சத்தமிடுவார்கள். சங்கு அப்படியல்ல. நல்ல சங்கும் மௌனமாகவே நிற்கும். செத்த சங்கும் மௌனமாகவே நிற்கும். கீழே நின்று பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றே. ஆகவே ஒழுங்காக ஊதிப் பார்ப்பதே ஒரே வழி. பிரான்சில் மாதந்தோறும் முதற் புதன்கிழமை நண்பகலில் சங்குகளை ஒலித்துப் பரிசோதிப்பது வழக்கம்.

கட்டும்போது திறப்பு விழா உண்டு. நாடா வெட்டப் பிரமுகர் உண்டு. கழுவி, வர்ணம் பூசி, கலம் மாற்ற விழா இல்லை. அதற்கான பணத்தை ஆண்டுதோறும் ஒதுக்காவிட்டால் உதவியாகக் கிடைத்த கோபுரமும் வெறும் இரும்பாகிவிடும். இன்று கைத்தொலைபேசிச் செய்தி இருக்கிறதே என நீங்கள் கேட்கலாம். நல்லதுதான், ஆனால் உறங்குபவரையும், தொலைபேசி இல்லாத முதியவரையும், கடலில் குளிக்கும் சிறுவரையும் ஒருசேர அழைக்கச் சங்கு வேண்டும்.

நினைவில் வையுங்கள்: கடல் வழமைக்கு மாறாக உள்வாங்கினாலோ கரையில் பலமான நிலநடுக்கத்தை உணர்ந்தாலோ சங்கொலிக்காகக் காத்திராமல் உயரமான இடத்துக்குச் செல்லுங்கள்.

பயிற்சி வினாக்கள்
1. துருப்பிடித்தலுக்கு அவசியமான இரு காரணிகள் எவை? இதில் உப்பின் பங்கு யாது?
2. நாகப் பூச்சு கீறுப்பட்ட பின்னும் இரும்பு சிறிது காலம் பாதுகாக்கப்படுவது ஏன்?
3. 10 துளைகள் கொண்ட சுழலி 500 ஹேர்ட்ஸ் ஒலியைத் தருகிறது. அது செக்கனுக்கு எத்தனை தடவை சுழல்கிறது?
4. உங்கள் பாடசாலையின் தீயணைப்புக் கருவி கடைசியாக எப்போது பரிசோதிக்கப்பட்டது? அதில் தொங்கும் அட்டையைப் பார்த்து எழுதுக.