வள்ளுவரோடு உடன்படாத மாணவனுக்கு எத்தனை புள்ளி?

திருக்குறளின் 38ஆம் அதிகாரம் ஊழ். 62ஆம் அதிகாரம் ஆள்வினையுடைமை. முதலாவது, ஊழைக் காட்டிலும் வலிமையானது வேறொன்றும் இல்லை என்று முடிகிறது. அதை விலக்க வேறு வழி தேடினாலும் அங்கேயும் அதுவே முந்திக்கொண்டு வந்து நிற்குமாம். இரண்டாவதோ, சோர்வில்லாமல் உழைப்பவர்கள் அந்த ஊழையே புறமுதுகு காட்டச் செய்வார்கள் என்று முடிகிறது. இரண்டையும் எழுதியவர் ஒருவரே. இவற்றை அடுத்தடுத்துப் படிக்கும் பதினாறு வயது மாணவனின் கேள்வி மிக எளிமையானது: "அப்படியானால் வள்ளுவர் எதைத்தான் நம்பினார்? நான் எதை நம்புவது?"

மாணவர்கள் பங்கேற்கும் கருத்துக்களங்களில் பழந்தமிழ் இலக்கியம் தலைப்பாக வரும்போதெல்லாம் இந்தக் கேள்வி ஏதாவது ஒரு வடிவில் எழத்தான் செய்கிறது. பெரியவர்கள் இதற்கு வைத்திருக்கும் மருந்து பட்டிமன்றம். 'விதியா, மதியா' என்று இரண்டு அணிகளாகப் பிரித்து, ஒரு நடுவரை அமர்த்தி, கைத்தட்டலோடு கதையை முடித்துவிடலாம். கேட்ட மாணவன் மட்டும் கேட்ட இடத்திலேயே நிற்கிறான். அவனுடைய உண்மையான சிக்கல் வேறு. பாடநூலில் இருப்பதைத் தேர்வுக்கு எழுதியாக வேண்டும். ஆனால் அவன் வீட்டில் நம்புவதும் அவன் மனம் ஒப்புவதும் வேறாக இருக்கலாம். இரண்டையும் ஒரே தலைக்குள் எப்படி வைத்துக்கொள்வது?

மலேசியத் தமிழ்ப்பள்ளிகளில் தொடக்க ஆண்டுகளிலிருந்தே செய்யுளும் மொழியணியும் பாடத்தில் உண்டு. ஆத்திசூடி, கொன்றைவேந்தன், உலகநீதி, மூதுரை, திருக்குறள் என்று ஆறு ஆண்டுகளில் ஒரு பிள்ளை கணிசமான செய்யுள்களை மனனம் செய்துவிடுகிறது. ஒவ்வொன்றுக்கும் பாடத்திட்டம் தரும் பொருள் ஒன்று இருக்கும். அதுவும் மனனம்தான். இதைக் குறை சொல்ல வேண்டியதில்லை. ஏழு வயதில் நாக்கில் ஏறிய செய்யுளுக்கு நாற்பது வயதில் பொருள் பிடிபடுவது உண்டு. மனனமே செய்யாதவருக்கு அந்த வாய்ப்பும் கிடைக்காது.

சிக்கல் இடைநிலைப்பள்ளியில் தொடங்குகிறது. மற்ற பாடங்கள் மலாய்மொழிக்குப் போய்விடுகின்றன. தமிழ் வகுப்போ பல பள்ளிகளில் கால அட்டவணைக்கு வெளியே, எல்லாரும் களைத்துப்போன மாலை வேளையில் நடக்கிறது. கிடைக்கும் நேரத்தில் குறளும் பொருளும் தேர்வுக்குத் தயாராகின்றன. கேள்வி கேட்கும் வயது வந்தபிறகும் ஏழு வயதில் செய்த அதே வேலைதான். நன்னெறிக் கல்வியின் கதையும் இதற்குச் சளைத்ததல்ல. 2000ஆம் ஆண்டுகளில் எஸ்.பி.எம். நன்னெறித் தாள் எழுதியவர்கள் 36 நெறிகளின் வரையறைகளை மலாய்மொழியில் சொல் மாறாமல் ஒப்பித்ததை மறந்திருக்க மாட்டார்கள். நேர்மைக்கு வரையறை எழுதத் தெரிந்த மாணவன் நேர்மையைப் பற்றி என்ன நினைக்கிறான் என்று கேட்க நேரம் இருந்ததில்லை.

கேட்டால் என்ன சொல்வார்கள்? மாணவர்கள் வாய் திறந்தால் முதலில் வந்து விழுவது சாப்பாட்டு விவகாரம்தான். புலால் மறுத்தல், 26ஆம் அதிகாரம். காலையில் வகுப்பில் அதற்குப் பொருள் எழுதிவிட்டு, ஓய்வு நேரத்தில் பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் பொரித்த கோழியோடு நாசி லெமாக் சாப்பிடும் மாணவன், "நான் எழுதியது பொய்யா?" என்று கேட்கிறான். கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று உடனே ஒரு சமாதானம் சொல்லும்: அந்த அதிகாரம் துறவறவியலில் இருக்கிறது, ஆகவே அது துறவிக்குச் சொன்னது, குடும்பத்தில் இருப்பவனுக்கு அல்ல. அதிகாரத்தின் இடத்தைப் பார்த்துச் சொன்ன நல்ல வாதம்தான். ஆனால் அதே அதிகாரத்தில் இன்னொரு குறள் உலகத்தையே நோக்கிப் பேசுகிறது. தின்பவர் இல்லையென்றால் விலைக்கு இறைச்சி தருபவரும் இருக்க மாட்டார் என்பது அதன் கருத்து. "நான் கொல்லவில்லையே, கடையில்தானே வாங்குகிறேன்" என்பவருக்கு வள்ளுவர் சந்தைக் கணக்கிலேயே பதில் வைத்திருக்கிறார். இதைப் படித்த பிறகும் ஒரு மாணவன் கோழி சாப்பிடலாம். ஆனால் முன்பு கவலையில்லாமல் சாப்பிட்டவன் இப்போது ஒரு வாதத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவனாகிவிடுகிறான். இலக்கியம் படித்ததற்கு இதைவிட வேறு அடையாளம் தேவையில்லை.

ஊழைப் பற்றிய கேள்வி இவ்வளவு இலேசானதல்ல. நுட்பமான நூல்கள் பலவற்றைக் கற்றாலும் ஒருவனுக்கு ஊழால் அமைந்த அறிவே மேலோங்கும் என்று அந்த அதிகாரத்தில் ஒரு குறள் உண்டு. கணிதத்தில் மூன்று முறை தோற்றவன் இதைப் படித்தால் புத்தகத்தை மூடிவிடுவான். 'உனக்கு இவ்வளவுதான்' என்று வீட்டில் சொன்னதையே வள்ளுவரும் சொல்கிறார் என்று அவன் எடுத்துக்கொண்டால் அவனைக் குற்றம் சொல்ல முடியாது. அவனுக்கு உடனடியாகக் காட்ட வேண்டியது ஆள்வினையுடைமையில் உள்ள இன்னொரு குறளை. நல்லூழ் வாய்க்காதது யாருக்கும் பழியல்ல, அறிய வேண்டியதை அறிந்து முயலாமல் இருப்பதே பழி என்பது அதன் கருத்து. 38ஐ மட்டும் நடத்திவிட்டு 62க்குப் போகாத வகுப்பு அந்த மாணவனுக்குப் பாதி வள்ளுவரைத்தான் கொடுத்திருக்கிறது.

இங்கேதான் சமய நம்பிக்கையும் உள்ளே வருகிறது. ஒரே வகுப்பில் வினைப்பயனை நம்பும் இந்துப் பிள்ளை இருக்கும். இறைவனின் சித்தம் என்னும் கிறிஸ்துவப் பிள்ளை, இறைவன் வகுத்த விதியை ஈமானின் ஒரு பகுதியாகக் கற்ற முஸ்லிம் பிள்ளை, இது எதுவுமே இல்லை என்னும் பகுத்தறிவுக் குடும்பத்துப் பிள்ளை எல்லாரும் இருப்பார்கள். அனைவரும் ஒரே பொருளை எழுதுகிறார்கள். அந்தப் பொருள் யாருடையது?

பெரும்பாலும் அது ஓர் உரையாசிரியருடையது. இதை மாணவர்களுக்குச் சொல்வதில்லை. தெய்வத்தால் ஆகாவிட்டாலும் முயற்சி தன் உழைப்புக்கு உரிய கூலியைத் தரும் என்னும் கருத்துள்ள குறளையே எடுத்துக்கொள்ளலாம். 13ஆம் நூற்றாண்டினர் எனக் கருதப்படும் பரிமேலழகர் அங்கே உள்ள தெய்வம் என்னும் சொல்லுக்கு விதி என்று பொருள் கொண்டார். 1949இல் வெளிவந்து இன்றுவரை வீடுதோறும் இருக்கும் மு. வரதராசனாரின் தெளிவுரையும் ஊழ் என்றே சொல்கிறது. கலைஞர் மு. கருணாநிதியின் உரையோ, கடவுளைக் கூவி அழைத்தும் நடக்காததை உழைப்பு நடத்திக் காட்டும் என்கிற பாங்கில் போகிறது. ஒரே குறள்தான், பக்தரும் நாத்திகரும் அவரவர் இடத்தில் நின்று படித்திருக்கிறார்கள். இவர்களில் யாரையும் தமிழுலகம் வகுப்பைவிட்டு வெளியேற்றவில்லை. மாணவன் மட்டும் ஏன் தன் இடத்தைக் காட்டாமல் எழுத வேண்டும்?

கடவுள் வாழ்த்து அதிகாரம் இன்னும் சுவையானது. பத்துக் குறளிலும் சிவன், திருமால் என்று ஒரு பெயர்கூட இல்லை. எண்குணத்தான் என்று ஒரு சொல் வருகிறது. அந்த எட்டுக் குணங்கள் எவை? சமணர்கள் தங்கள் அருகனின் குணங்கள் என்கிறார்கள். வைணவராகக் கருதப்படும் பரிமேலழகர், சைவ ஆகமத்தில் சொல்லப்பட்ட எட்டைப் பட்டியலிட்டுத் தருகிறார். தன் சமயத்து நூலைத் தேடாமல் வேறொரு சமயத்து நூலைப் புரட்டி விளக்கம் சொன்ன அந்த நேர்மையை வகுப்பில் ஐந்து நிமிடம் பேசலாம்.

தன் நம்பிக்கைக்கு வெளியே உள்ள நூலைப் படிப்பது எப்படி என்பதற்குத் தமிழில் ஒரு பெரிய முன்மாதிரியும் உண்டு. 1880இல் உ.வே. சாமிநாதையர் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்திருந்தார். திருவாவடுதுறைச் சைவ மடத்தின் சூழலில், மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் அந்தாதி, கோவை, பிள்ளைத்தமிழ் என்று படித்து வளர்ந்தவர். அங்கே முன்சீப்பாக வந்த சேலம் இராமசாமி முதலியார் அவரிடம் என்னென்ன படித்தீர்கள் என்று கேட்டார். நீண்ட பட்டியலைக் கேட்டும் அவர் திருப்தியடையவில்லை. சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்றார். ஐயர் படித்ததில்லை. ஏட்டைக் கையில் வாங்கிப் பார்த்தபோது தமிழ் தெரிந்தும் நூல் புரியவில்லை. திருத்தக்கதேவர் சமணர், நூல் முழுவதும் சமணக் கொள்கைகள், சமணச் சொற்கள்.

ஐயர் செய்தது என்ன? கும்பகோணத்தில் வாழ்ந்த சமணர்களின் வீட்டுக்கே போய்க் கேட்டுக் கற்றார். அவருக்கு ஏட்டுச்சுவடியாக மட்டும் தெரிந்த சிந்தாமணி அவர்கள் வீட்டில் பக்தியோடு படிக்கப்படும் நூலாக இருந்தது. அவர் சமணராக மாறவில்லை, நெற்றித் திருநீற்றையும் அழிக்கவில்லை. 1887இல் சீவக சிந்தாமணியை நச்சினார்க்கினியர் உரையோடு அச்சில் கொண்டுவந்தார். அந்த உரையை எழுதிய நச்சினார்க்கினியரும் சைவர் என்றே அறியப்படுபவர். சமண முனிவர் பாடிய காப்பியத்தை ஒரு சைவர் உரையெழுதிக் காத்தார். இன்னொரு சைவர் பதிப்பித்துக் காத்தார். தன் நம்பிக்கையைப் பிடித்துக்கொண்டே மற்றவருடைய நம்பிக்கையை அவரிடமே கேட்டுத் தெரிந்துகொண்ட மாணவராக ஐயர் அங்கே நின்றார் எனலாம். அப்போது அவர் கல்லூரி ஆசிரியர் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

சிங்கப்பூருக்கு இது தூரத்துக் கதை அல்ல. நபிகள் நாயகத்தின் வரலாற்றை ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களில் சீறாப்புராணமாகப் பாடியவர் உமறுப்புலவர். 1946இல் தொடங்கி 1982இல் மூடப்பட்ட தமிழ்ப்பள்ளி அவர் பெயரைத் தாங்கியிருந்தது. இன்றைய தமிழ்மொழி நிலையத்துக்கும் அவர் பெயர்தான். அந்தப் பெயர்ப்பலகையைக் கடந்து வகுப்புக்குப் போகும் எல்லாச் சமயப் பிள்ளைகளிலும் எத்தனை பேர் அவருடைய பாட்டில் ஒன்றையாவது படித்திருப்பார்கள் என்று கேட்டால், ஆசிரியர்களே சிரித்துவிடுவார்கள். வீரமாமுனிவர் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் 1730இல் இலத்தீனுக்குக் கொண்டுபோனதையும், ஜி.யு. போப் முழு நூலையும் 1886இல் ஆங்கிலத்தில் தந்ததையும் பெருமையாகச் சொல்கிறோம். இருவரும் தங்கள் சமயத்தில் ஊறிய பாதிரியார்கள். வள்ளுவரோடு எல்லா இடத்திலும் உடன்பட்டதால் அவர்கள் அந்த வேலையைச் செய்யவில்லை.

ஆசிரியர் தரப்பிலும் நியாயம் இருக்கிறது. பாடத்திட்டத்தை முடிக்க வேண்டும். நம்பிக்கை பற்றிப் பேச்சு வந்தால் வகுப்பு சந்தைக்கடையாகிவிடுமோ என்ற அச்சம் உண்டு. மறுநாள் எந்தப் பெற்றோர் தலைமையாசிரியர் அறை வாசலில் நிற்பாரோ என்ற கவலையும் உண்டு. பல்லின, பல்சமய நாட்டில் இந்தக் கவலையை வெறும் கோழைத்தனம் என்று ஒதுக்க முடியாது.

மாணவர்களிடமும் ஒரு குறை இருக்கிறது. கேமரா வெளிச்சம் முகத்தில் விழுந்ததும் சிலருக்கு மறுக்கும் துணிவு தாராளமாக வந்துவிடுகிறது. "இதெல்லாம் அந்தக் காலம், இப்போது ஒத்துவராது" என்று ஒரே வரியில் 1330 குறளையும் ஓரம் கட்டிவிட்டுக் கைத்தட்டலுக்காகக் காத்திருப்பார்கள். அந்த அதிகாரத்தின் பத்துக் குறளில் எத்தனை படித்தாய் என்று கேட்டால் இரண்டு என்று வரும். பாடத்தில் இருந்த அதே இரண்டு. மறுப்பதற்கும் தகுதி வேண்டும். அந்தக் கருத்தை நம்புகிற ஒருவர் 'ஆமாம், நாங்கள் சொல்வது இதுதான்' என்று ஒப்புக்கொள்ளும்படி முதலில் எடுத்துச் சொல்லிவிட்டுப் பிறகு மறுப்பது முறை. ஐயர் சமணர் வீட்டுக்குப் போனதும் அதற்காகத்தான்.

வகுப்பில் இதைச் செய்யப் பெரிய சீர்திருத்தம் எதுவும் தேவைப்படாது. ஒரு குறளுக்கு ஒன்றோடொன்று முரண்படும் இரண்டு உரைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கொடுத்தால் போதும். மலிவுப் பதிப்புகள் எல்லாப் புத்தகக் கடைகளிலும் கிடைக்கின்றன. தேர்வுக்கு எழுத வேண்டிய பொருளை எழுதிவிட்டு, அடியில் இரண்டு வரி மாணவன் தன் கருத்தை எழுதட்டும். அதற்குப் புள்ளி போடாமல், பக்கத்தில் ஒரு கேள்வியை மட்டும் ஆசிரியர் எழுதிக் கொடுக்கலாம். புள்ளி போடத் தொடங்கினால் அதற்கும் ஒரு மாதிரி விடை அச்சாகி வந்துவிடும்.

ஊழும் முயற்சியும் மோதும் கேள்விக்குப் பரிமேலழகர் ஒரு பதில் வைத்திருக்கிறார். ஊழைப் புறங்காணும் அந்தக் குறளுக்கு உரை எழுதும்போது, ஊழ் ஒரு முறையோ இரண்டு முறையோதான் தடுக்க முடியும், ஆகையால் பலமுறை முயல்பவர் பயனை அடைவார் என்று விளக்குகிறார். எழுநூறு ஆண்டுகளுக்கு முந்தைய உரை, எஸ்.பி.எம். தாளை மீண்டும் எழுதப் போகிறவனுக்கென்றே எழுதியதுபோல் இருக்கிறது. அதை அவனிடம் படித்துக் காட்டினால், "மூன்றாவது தடவையும் தடுத்தால்?" என்று கேட்பான். கேட்கட்டும்.