செல்ப் எடுக்கவில்லையா? மோட்டாரை மாற்றுமுன் இதைப் பாருங்கள்!

குர்லா டெர்மினஸ் வாசலில் விடியற்காலை ஐந்து மணி. இரவுப் பணி முடிந்து வெளியே வந்தேன். நெல்லைச் சீமையிலிருந்து வந்து முப்பது வருடமாக மும்பையில் டாக்சி ஓட்டும் அண்ணாச்சி ஒருவர், தலையில் கை வைத்து வண்டி ஓரம் உட்கார்ந்திருந்தார்.

"என்ன அண்ணாச்சி?"

"சாவியத் திருப்புனா 'டக்'னு ஒரு சத்தம், அவ்வளவுதான் தம்பி. மிஸ்திரி வந்து பார்த்தான். செல்ப் மோட்டார் போச்சு, புதுசு போடணுங்கான். தவணை கட்ட வச்சிருக்க துட்டுல்லா அது!"

பத்தாவது முடித்து ரயில்வே வேலை கிடைக்கும்வரை, ஊரில் ஓர் ஆட்டோ எலக்ட்ரிக் கடையில் இரண்டு வருடம் கையாளாக இருந்தவன் நான். ஒரு 'டக்' சத்தத்தை மட்டும் வைத்து மோட்டாரைக் கழற்றக் கூடாது என்பது அங்கே கற்ற பாடம். "கொஞ்சம் பொறுங்கள்" என்றேன்.

சாவி செய்வது என்ன?

சாவியைத் திருப்பினால் பேட்டரியின் முழு மின்சாரமும் சாவி வழியே மோட்டாருக்குப் பாய்கிறது என்றே பலரும் நினைக்கிறார்கள். அப்படிப் பாய்ந்தால் சாவி சுவிட்ச் அந்த நிமிடமே கருகிவிடும். சாதாரணக் காரின் செல்ப் மோட்டார் இஞ்சினைச் சுற்ற நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அதற்காகவே விரல் பருமனில் ஒரு கேபிள் பேட்டரியிலிருந்து நேரே மோட்டாருக்குப் போகிறது.

சாவிக்கு வருவது மெல்லிய வயர். சுவிட்சின் பின்புறம் பல வண்டிகளில் எண்கள் பொறித்திருக்கும். 30 என்பது பேட்டரியிலிருந்து வரும் மின்சாரம். 15 என்பது இக்னீஷனுக்குப் போவது. 50 என்பது செல்ப்புக்குப் போகும் வயர். சாவியைக் கடைசிப் படிக்குத் திருப்பிப் பிடித்திருக்கும்வரைதான் 50-ல் மின்சாரம் இருக்கும். கையை விட்டால் ஸ்பிரிங் சாவியைத் திருப்பிவிடும், செல்ப் நின்றுவிடும்.

அந்த மெல்லிய வயர் போய்ச் சேருமிடம், மோட்டார் முதுகில் உட்கார்ந்திருக்கும் சொலினாய்டு. நம் ரயில்வே கேபினை நினைத்துக்கொள்ளுங்கள். கேபின்மேன் லீவரை இழுக்கிறார். எங்கோ தூரத்தில் சிக்னல் கை இறங்குகிறது. ரயிலை அவர் இழுப்பதில்லை. சாவியும் அப்படித்தான். உத்தரவு மட்டும் அதனுடையது. சொலினாய்டுக்குள் இருக்கும் காயில் காந்தமாகி ஓர் இரும்புத் தண்டை இழுக்கும். அந்தத் தண்டு இரண்டு வேலை செய்யும். சிறு பல்சக்கரத்தை இஞ்சினின் பெரிய பல்சக்கரத்தோடு சேர்க்கும். சேர்ந்ததும், பெரிய கேபிளின் இரண்டு முனைகளையும் இணைத்து மோட்டாரைச் சுழல வைக்கும். நாம் கேட்கும் 'டக்' அந்தத் தண்டின் சத்தம்.

ஆகவே 'டக்' கேட்டால் சாவியும் மெல்லிய வயரும் அநேகமாகச் சரி. கோளாறு பெரும்பாலும் பருமனான கேபிள் பாதையில்: பேட்டரி, முனைகள், எர்த், சொலினாய்டின் உள் இணைப்பு, கடைசியாகத்தான் மோட்டார். சத்தமே இல்லையென்றால் சாவி, ரிலே, 50-ம் நம்பர் வயர், சில வண்டிகளில் கிளட்ச் சுவிட்ச் இவற்றைத் தேட வேண்டும். 'டக டக டக' என்று விடாமல் அடித்தால் முதலில் பேட்டரியைச் சந்தேகிக்கலாம்.

விளக்கு சொன்ன சாட்சி

அண்ணாச்சியை ஹெட்லைட் போட்டுச் சாவியைத் திருப்பச் சொன்னேன். 'டக்' என்றதும் விளக்கு அடியோடு அணைந்தது. பானட்டைத் திறந்து பேட்டரியின் மைனஸ் முனையைத் தொட்டேன், சுட்டது. கிளாம்புக்கு அடியில் பச்சை பூத்துக் கிடந்தது. மின்சாரம் மோட்டாருக்குப் போனால் மட்டும் போதாது. பாடி வழியாகப் பேட்டரிக்குத் திரும்பியும் வர வேண்டும். திரும்பும் வழி அடைபட்டுக் கிடந்தது.

மைனஸ் கிளாம்பைக் கழற்றி, உப்புத்தாளால் இரண்டு பக்கமும் ஈயம் பளபளக்கத் தேய்த்தோம். இறுக்கி மாட்டினோம். சாவியைத் திருப்பினார். வண்டி உடனே உறுமியது. டீக்கடைக்காரர் கைதட்டினார்.

அண்ணாச்சிக்கு வெட்கம். "பத்மினி ஓட்டுன காலத்துல நானே எல்லாம் பார்ப்பேன் தம்பி" என்றார். 2023 அக்டோபரோடு மும்பைத் தெருக்களில் டாக்சியாக ஓடுவதை நிறுத்திய அந்தப் பிரீமியர் பத்மினியைத்தான் சொன்னார். 1912-ல் அமெரிக்கக் காடிலாக் காரில் கெட்டரிங் என்பவர் மின்சார ஸ்டார்ட்டரைக் கொண்டுவருமுன், முன்னால் நின்று ஹேண்டில் போட்டுச் சுற்ற வேண்டும். இஞ்சின் எதிர்த்து உதைத்தால் கை முறியும். அந்தத் தொல்லை போனது, வேறொன்று வந்தது.

அதையும் சொல்லிவிட வேண்டும். செல்ப் எடுக்காதபோது சொலினாய்டின் இரு முனைகளையும் ஸ்குரூ டிரைவரால் சேர்த்து ஸ்டார்ட் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். வண்டி கியரில் இருந்தால், முன்னால் நிற்கிறவர் மேலேயே ஏறிவிடும். சாவி இல்லாத சுழற்சிக்குக் கியர் தெரியாது. அதே போல் பத்துப் பதினைந்து விநாடிக்கு மேல் சாவியைப் பிடித்தே இருந்தால், நல்ல மோட்டாரும் சூடேறிக் கருகும். ஒரு நிமிடம் ஆறவிட்டு முயல வேண்டும்.

அண்ணாச்சி எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். குடித்து முடிக்குமுன் வெளியூர் வண்டியில் வந்த ஒரு குடும்பம் பெட்டி படுக்கையோடு அவரிடம் வந்தது. செம்பூருக்குச் சவாரி.