காலை 11 மணி... 'கீ' எங்கே மச்சி?

நாகரசம்பட்டியில் ரயில் நிலையம் கிடையாது. ஆனாலும் தட்கல் டென்ஷன் கரெக்டாக காலை 11 மணிக்கு வந்துவிடும்! நம்ம ஊர் பையன் சென்னைக்கு இன்டர்வியூ போகணுமா, ஓசூர் சிப்காட்டில் வேலை பார்க்கும் ஒடிசா அண்ணன் ஊருக்குப் போகணுமா... ஸ்லீப்பர் பெர்த் உண்டா, இல்லையா என்பது அந்த ரெண்டு நிமிஷத்தில் முடிவாகிவிடும்.

2014-ல் ஐ.ஆர்.சி.டி.சி. புது சிஸ்டத்துக்கு மாறியது. நிமிஷத்துக்கு 2,000 டிக்கெட் என்றிருந்த திறன் 7,200 ஆனது. அதற்குக் கைகொடுத்த சாஃப்ட்வேர்களில் ஒன்று ஜெம்ஃபயர். டேட்டாவை டிஸ்க்கில் தேடாமல், பல சர்வர்களின் ரேமில் பிரித்து வைத்துக்கொள்ளும் 'கேஷ்'. பணம் இல்லை பாஸ், இது வேற கேஷ்!

இத்தனை சர்வரில் நம்ம டேட்டா எங்கே இருக்கு? ஒவ்வொன்றுக்கும் ஒரு 'கீ' உண்டு. அதை ஹாஷ் ஃபங்ஷனில் போட்டால் எந்த பக்கெட் என்று தெரிந்துவிடும். ஜெம்ஃபயரில் டீஃபால்ட்டாக 113 பக்கெட். எந்த பக்கெட் எந்த சர்வரில் என்கிற விவரத்தை கிளையன்ட்டே வைத்துக்கொள்ளும். நேராகப் போய் எடுத்துட்டு வரவேண்டியதுதான்.

வம்பே, 'உன்கிட்ட என்னென்ன கீ இருக்கு, எல்லாத்தையும் சொல்லு' என்று கேட்கும்போதுதான். போச்சம்பள்ளி ஞாயிறு சந்தையில் மைக் பிடித்து, 'யார் யார் என்னென்ன வெச்சிருக்கீங்க?' என்று கேட்ட மாதிரி. அத்தனை கடையும் வியாபாரத்தை விட்டுட்டுப் பதில் சொல்லணும்!

ரெடிஸில் இன்னும் மோசம். கமாண்டுகளை ஒரே த்ரெட்டில், ஒண்ணு முடிந்துதான் அடுத்தது என்று ஓட்டும். கோடிக்கணக்கில் கீ இருக்கும்போது 'கீஸ்' கமாண்ட் கொடுத்தால், அது முடியும்வரை மத்தவங்க எல்லாம் க்யூவில். அதனால்தான் 2013-ல் வந்த 2.8 வெர்ஷனில் 'ஸ்கேன்' சேர்த்தார்கள். கொஞ்சம் கீ, கூடவே ஒரு கர்சர். அந்த கர்சரைத் திருப்பிக் கொடுத்தால் அடுத்த கொஞ்சம். நடுவில் மற்ற வேலையும் ஓடும். ஒரே கீ ரெண்டு தடவை வரலாம். அதை நாமதான் கழிக்கணும்.

என்னைக் கேட்டால், ஸ்கேனும் ரெண்டாவது சாய்ஸ்தான். தேடவே தேவையில்லாதபடி கீ வைப்பதுதான் கெத்து. மினி பிராஜெக்ட்டில் ரயில் ரிசர்வேஷன் செய்யறீங்கன்னு வைங்க. ரயில் நம்பர், தேதி, கோச் மூன்றையும் சேர்த்தது கீ. எஸ்-1 முதல் எஸ்-10 வரை பத்து கீயையும் நாமே எழுதிவிடலாம். பத்து தடவை போகாமல், 'கெட்ஆல்' போட்டு ஒரே தடவையில் கேட்கலாம். ரயில் நம்பரை மட்டும் வைத்து பக்கெட் பிரித்தால், பத்தும் ஒரே சர்வரில் கிடைக்கும். என்ன, தீபாவளிக்கு எல்லாரும் அதே ரயிலைக் கேட்டால், அந்த சர்வர் கதை கந்தல்!