ஊர்ப்புறத்தில் வீடு வாங்கும் முன்

கூடுவாஞ்சேரி, சிங்கப்பெருமாள் கோயில், திருவள்ளூர், ஸ்ரீபெரும்புதூர் என்று சென்னையைச் சுற்றி எந்தப் பக்கம் போனாலும், பெரிய சாலையிலிருந்து நாலைந்து கிலோமீட்டர் உள்ளே ஓர் ஊர் இருக்கிறது. வயலும் ஏரிக்கரையும் பனைமரமுமாக அமைதியாக இருக்கிறது. அங்கே ஒரு வீடோ மனையோ வாங்கிக் குடிபோய்விட வேண்டும் என்ற ஆசை இன்று பலருக்கு. நல்ல ஆசைதான். ஆனால் நகரத்தில் ஃபிளாட் வாங்கிய அனுபவம் இங்கே பெரிதாகக் கைகொடுக்காது. அங்கே கட்டடத்தைப் பார்த்து வாங்கினோம். இங்கே மண்ணைப் பார்த்து வாங்க வேண்டும். அது என்ன வகை நிலம், மழைத் தண்ணீர் அதில் எந்தப் பக்கம் ஓடுகிறது, வாசல்வரை வரும் பாதை யாருடையது என்பதெல்லாம் தெரியாமல் அட்வான்ஸ் கொடுக்கவே கூடாது.

தரகரிடம் முதலில் சர்வே எண்ணையும் உட்பிரிவு எண்ணையும் கேளுங்கள். சொல்லத் தயங்கினால் அந்த இடத்தை விட்டுவிடலாம். எண் கையில் இருந்தால் பட்டாவையும் அ-பதிவேட்டையும் புலப்படத்தையும் அரசின் இணையதளத்திலேயே எடுத்துவிடலாம். நிலம் நஞ்சையா, புஞ்சையா, நத்தமா, புறம்போக்கா என்பதை அ-பதிவேடு காட்டும். நத்தம் என்பது ஊர்க் குடியிருப்புக்கென்று ஒதுக்கிய இடம். நஞ்சையில் வீடு கட்ட நிலப் பயன்பாட்டு மாற்றத்துக்கு அனுமதி வேண்டும்; எளிதில் கிடைக்காது. ஏரி, ஓடை, வாய்க்கால், மேய்க்கால், வண்டிப்பாதை என்று எழுதியிருந்தால் அது அரசு நிலம். அதன் மேல் நிற்கும் வீட்டுக்கு வீட்டு வரி ரசீது இருக்கலாம், மின் இணைப்பும் இருக்கலாம். இரண்டும் உரிமைக்குச் சான்று ஆகாது.

பஞ்சமி நிலம் பற்றியும் தெரிந்திருக்க வேண்டும். செங்கல்பட்டு கலெக்டராக இருந்த ட்ரெமென்ஹீர் 1891ல் கொடுத்த அறிக்கையை ஒட்டி, 1892ல் ஆங்கிலேய அரசு தலித் மக்களுக்கு நிலம் ஒதுக்க ஆணையிட்டது. அந்த மக்களைத் தவிர வேறு யாருக்கும் அது கைமாறக் கூடாது என்பது நிபந்தனை. ஆனாலும் ஏராளமான நிலம் கைமாறிப் போனது. விலை மலிவாக இருக்கிறதே என்று அப்படிப்பட்ட இடத்தை வாங்கினால் உங்கள் பத்திரம் நிற்காது. அதைவிட முக்கியம், நிலமே இல்லாதவர்களுக்கு என்று கொடுத்ததை நாமும் சேர்ந்து பறித்தவர்கள் ஆவோம். கோயில் நிலம், வக்பு நிலம், பூமிதான நிலம் எதுவும் நீங்கள் வாங்கும் இடத்தில் கலக்கவில்லை என்பதை வட்டாட்சியர் அலுவலகத்திலும் சார்பதிவாளர் அலுவலகத்திலும் விசாரித்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

அடுத்தது பத்திரம். பட்டா வருவாய்த்துறை ஆவணம். அது மட்டும் கையில் இருந்தால் உரிமை வந்துவிடாது. மூலப்பத்திரத்திலிருந்து இன்றைய விற்பனையாளர்வரை நிலம் கைமாறி வந்த தொடர் எங்கும் அறுபடாமல் இருக்க வேண்டும். வில்லங்கச் சான்றை 30 ஆண்டுக்காவது போட்டுப் பாருங்கள். பதிவு செய்யாத உயிலும் நடந்துகொண்டிருக்கும் வழக்கும் அதில் தெரியாமல் போகலாம் என்பதையும் நினைவில் வையுங்கள். கிராமத்துச் சொத்தில் அதிகம் தகராறு வருவது பாகப்பிரிவினையில்தான். “அக்காவுக்குக் கல்யாணத்தப்பவே எல்லாம் செஞ்சாச்சு சார்” என்பார்கள். இந்துக் குடும்பப் பூர்வீகச் சொத்தில் பெண்ணுக்கும் சம பங்கு என்று தமிழ்நாடு 1989லேயே சட்டம் கொண்டுவந்தது. 2005ல் மத்திய சட்டமும் திருத்தப்பட்டது. அக்கா கையெழுத்துப் போடாத கிரயம் பத்து வருடம் கழித்து நீதிமன்றத்துக்கு வரும். பவர் வைத்து விற்பவரிடம் வாங்கினால், பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்று நேரில் போய்ப் பாருங்கள். பவர் பத்திரத்தை மட்டும் வைத்து உரிமை மாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011லேயே தெளிவாகச் சொல்லிவிட்டது.

மனைப்பிரிவில் வாங்குகிறீர்கள் என்றால் ‘பஞ்சாயத்து அப்ரூவல்’ என்ற சொல்லை நம்பாதீர்கள். மனைப்பிரிவுக்கு ஒப்புதல் தரும் அதிகாரம் நகர் ஊரமைப்பு இயக்ககத்துக்கு உண்டு. சென்னைப் பெருநகர எல்லைக்குள் சிஎம்டிஏவுக்கு. ஊராட்சித் தலைவரின் முத்திரையை வைத்து விற்ற மனைகள் பெருகியதால்தான் 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளைப் பதியத் தடை விதித்தது. அந்த ஆண்டு அக்டோபர் 20க்கு முந்தைய மனைகளுக்காக 2017ல் வரன்முறைத் திட்டம் வந்தது. பழைய மனை என்றால் வரன்முறை ஆணையைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

இனி தண்ணீர். காகிதம் எல்லாம் சுத்தமாக இருந்தும் வாழ முடியாமல் போன வீடுகள் தண்ணீரால் அப்படி ஆனவை. செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பகுதி முழுக்க ஏரிகளின் நாடு. ஓர் ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாகத் தண்ணீர் வழிந்து அடுத்த ஏரிக்குப் போகும், அங்கிருந்து அடுத்ததற்கு. இந்தத் தொடருக்கு நடுவே வீடு கட்டிக்கொண்டால் தண்ணீர் வழி மாறாது, வீட்டுக்குள் வரும். 2015 டிசம்பரில் அடையாற்றை ஒட்டிய முடிச்சூரும் வரதராஜபுரமும் எப்படி மூழ்கின என்பதை யாரும் மறந்திருக்க முடியாது. நகரத்துக்கு வெளியே நிம்மதியாக இருக்கலாம் என்று கடன் வாங்கி வீடு கட்டிப் போனவர்கள் மொட்டை மாடியில் நின்று படகுக்காகக் காத்திருந்தார்கள்.

மனையை மே மாதம் காட்டுவார்கள். காய்ந்து, வெடித்து, மேடு போலத்தான் தெரியும். நீங்கள் ஐப்பசி, கார்த்திகையில் ஒரு மழை விட்ட மறுநாள் போய்ப் பாருங்கள். பக்கத்து வீட்டுச் சுவரில் சுண்ணாம்பு உரிந்து, பழுப்பாக ஒரு கோடு எந்த உயரத்தில் ஓடுகிறது என்று கவனியுங்கள். சாலையைவிட வீட்டுத் தரை தாழ்ந்திருக்கிறதா, பக்கத்தில் கோரை மண்டியிருக்கிறதா என்று பாருங்கள். மாடு மேய்ப்பவரிடமும் நாற்று நடும் பெண்களிடமும் “இங்கே தண்ணி எவ்வளவு நிக்கும்?” என்று கேளுங்கள். தரகர் மறைப்பதை அவர்கள் கை உயர்த்திக் காட்டிவிடுவார்கள்.

குடிதண்ணீருக்கு, பக்கத்து போர் எத்தனை அடி, கோடையில் வற்றுமா என்று விசாரியுங்கள். தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துச் சோதனைக்குக் கொடுங்கள். கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு வழியே இல்லாத இடத்தில் 2000 வரை என்பது இந்தியத் தர அளவு. தோட்டத்தோடு வீடு வாங்குபவர்கள் கிணற்று மோட்டாருக்கு உள்ள இலவச மின் இணைப்பை வீட்டுக்கு இழுக்கக் கூடாது. அது விவசாயத்துக்கு மட்டும்.

பத்திரத்தில் எல்லோரும் வேகமாகப் புரட்டிவிடும் பகுதி சொத்து விவரம். அதை நிதானமாகப் படியுங்கள். வடக்கே இன்னார் நிலம், தெற்கே ஓடை, கிழக்கே 16 அடி வண்டிப்பாதை என்று நான்கெல்லை எழுதியிருக்கும். அந்தப் பாதை புலப்படத்தில் இருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பாருங்கள். இல்லை என்றால் அது யாரோ ஒருவருடைய சொந்த வரப்பு. அவர் வேலி போட்ட நாளிலிருந்து உங்கள் கார் தெருமுனையில்தான் நிற்கும். பாதை பாத்தியம் பத்திரத்தில் வரிவரியாக எழுதப்பட்டிருக்க வேண்டும்.

அமைதியையும் சோதித்துத்தான் வாங்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லா ஊரும் அமைதிதான். வேலை நாளில் விடியற்காலையிலும் இரவு பத்து மணிக்கு மேலும் போய் நில்லுங்கள். கல்குவாரி லாரிகள் எந்த வழியாக ஓடுகின்றன, கோழிப்பண்ணை வாடை காற்று மாறினால் எட்டுகிறதா என்பது அப்போது தெரியும். ஆடி மாதம் அம்மன் கோயில் ஒலிபெருக்கியும் உண்டு. அது அந்த ஊரின் வாழ்க்கை. குடியேறப் போகிறவர் அதைக் குறை சொல்வது நியாயமில்லை. அரசுத் திட்டங்களையும் விசாரியுங்கள். 2022ல் விமான நிலையம் என்று அறிவிக்கும்வரை பரந்தூர் பக்கத்து ஊர்களும் அமைதியான ஊர்கள்தான்.

பதிவுச் செலவு முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 10 லட்சம் ரூபாய் மதிப்புக்குள் பெண் பெயரில் பதிந்தால் 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைகிறது. பதிந்த கையோடு பட்டாவையும் உங்கள் பெயருக்கு மாற்றிவிடுங்கள்.

பத்திரங்களைப் பார்க்க வழக்கறிஞரை நீங்களே தேடி அமர்த்துங்கள். விற்பவர் சொல்லும் ஆள் வேண்டாம். சர்வேயர் வந்து அளந்து, பக்கத்து நிலத்துக்காரர்கள் முன்னிலையில் நாலு மூலையிலும் கல் நட்ட பிறகே மீதிப் பணத்தைக் கொடுங்கள்.