எரியாத நெருப்பு: கோப்திய நள்ளிரவுப் புகழ்ப்பாக்களின் குறியீட்டு ஒழுங்கு

ஆய்வுச் சுருக்கம்

எகிப்தின் கோப்தியத் திருச்சபை நள்ளிரவில் பாடும் புகழ்ப்பாக்களில் கடல், சூளை, முட்செடி, பேழை, தூபக்கலசம் முதலிய குறியீடுகள் இடம்பெறுகின்றன. இவற்றைத் தனித்தனி உருவகங்களாகப் பிரித்து விளக்குவதைக் காட்டிலும், ஓர் இரவின் பாடல்வரிசையில் வைத்துப் படிக்கும்போதே இவற்றின் பொருள் முழுமை பெறுகிறது என்பதை இக்கட்டுரை நெருப்புக் குறியீட்டின் வழி விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: கோப்திய வழிபாடு, ஹோஸ், தியோடோக்கியா, குறியீடு, கிறிஸ்தியல்.

முன்னுரை

இவ்வழிபாட்டை அரபு மொழியில் ‘தஸ்பேஹா’ என்பர். புகழ்தல் என்பது அதன் பொருள். இதற்குரிய நூல் ‘சால்மோதியா’ எனப்படும். பாடல்கள் கோப்திய மொழியின் போஹைரிக் வழக்கில் அமைந்தவை. அம்மொழி பேச்சு வழக்கொழிந்து பல நூற்றாண்டுகள் ஆனமையால், இன்றைய பதிப்புகள் கோப்திய மூலத்தையும் அரபு மொழிபெயர்ப்பையும் அருகருகே அச்சிடுகின்றன. பாடுவோர் வடக்கணி, தெற்கணி என இரு பிரிவாக நின்று மாறிமாறிப் பாடுகின்றனர். கைத்தாளமும் முக்கோணக் கருவியுமே துணைக்கருவிகள்.

நள்ளிரவைத் தேர்ந்தமைக்கு விவிலியச் சான்றுகள் பல. எகிப்தியரின் தலைப்பிள்ளைகள் மாண்டதும் இசுரயேலர் விடுதலை பெற்றதும் நள்ளிரவில். மணமகன் வருகிறான் என்ற குரல் பத்துக் கன்னியரின் செவியில் விழுந்ததும் நள்ளிரவில். ‘தென் தேனோ’ என்னும் தொடக்கப்பாடல், ஒளியின் மக்களை எழுந்திருக்குமாறு இருளின் நடுவே அழைக்கிறது. மனத்தைப் பற்றிய மறதி என்னும் உறக்கத்தையும் அகற்றுமாறு அப்பாடல் வேண்டுவது கருதத்தக்கது. விழித்தல் இங்கு நினைவுகூர்தலாகிறது. நினைவுகூரப்படுவது எது என்பதை அடுத்துவரும் பாடல்கள் கூறுகின்றன.

நான்கு ஹோஸ்கள்

‘ஹோஸ்’ என்பது பழைய எகிப்திய மொழியில் பாடுதலைக் குறித்த வினையின் வழிவந்த சொல். பார்வோனின் நாட்டில், பார்வோனின் மொழியிலிருந்து பிறந்த சொல்லாலேயே பார்வோனின் வீழ்ச்சி பாடப்படுகிறது. முதல் ஹோஸ், செங்கடலைக் கடந்தபின் மோசே பாடிய பாடல் (விடுதலைப் பயணம் 15). அதனைத் தொடரும் விளக்கப்பாடல், கதிரவனைக் கண்டிராத நிலத்தில் கதிரொளி பட்டதையும் எவரும் நடவாத வழியில் மக்கள் நடந்ததையும் சொல்கிறது. நள்ளிரவில் நின்று பாடுவோர்க்கு இது பழங்கதையாக மட்டும் நின்றுவிடுவதில்லை. இருளுக்குள் பகல் புகுவதைக் குறிக்கும் காட்சியாகவும் அமைகிறது.

இரண்டாம் ஹோஸ் திருப்பாடல் 136. படைப்பிலிருந்து பாலைவனப் பயணம் வரையிலான செயல்களை ஒரே பல்லவியால் கோத்துச் செல்கிறது. நான்காம் ஹோஸாகத் திருப்பாடல்கள் 148, 149, 150 பாடப்பெறும்.

மூன்றாம் ஹோஸே நெருப்பின் களம். பாபிலோனியச் சூளையில் எறியப்பட்ட அனனியா, அசரியா, மிசாவேல் ஆகிய மூன்று இளைஞர்களின் பாடல் இது. தானியேல் நூலின் கிரேக்க வடிவிலேயே இப்பகுதி உள்ளது. கத்தோலிக்கத் தமிழ் விவிலியத்தில் இது உண்டு. சீர்திருத்தச் சபையினர் வழங்கும் தமிழ் வேதாகமத்தில் இல்லை. ஆகவே பின்னதை மட்டும் கையாளும் ஆய்வாளர்க்கு இந்த ஹோஸின் மூலம் கிட்டாது. சூளையின் நடுவே ஈரக்காற்று வீசியது போலிருந்ததாக அந்நூல் கூறும். எரிக்க மூட்டப்பட்ட நெருப்பையும், கதிரவன், பனி, கடல்வாழ் உயிர்கள் ஆகியவற்றையும் இளைஞர்கள் ஒருசேரக் கடவுளைப் புகழ அழைக்கின்றனர். பகையாக வந்த நெருப்பு பாடகர் வரிசையில் சேர்க்கப்படுவதே இப்பாடலின் நுட்பம்.

முட்செடியும் தூபக்கலசமும்

ஹோஸ்களுடன் அன்றன்றைக்குரிய ‘தியோடோக்கியா’வும் பாடப்பெறும். இறைவனை ஈன்றவள் என்ற பட்டத்திலிருந்து பிறந்த பெயர் இது. அலெக்சாந்திரியாவின் சிரில் தலைமையேற்ற 431ஆம் ஆண்டு எபேசுப் பொதுச்சங்கம் அப்பட்டத்தை உறுதிசெய்தது. வாரத்தின் ஏழு நாள்களுக்கும் ஏழு தியோடோக்கியாக்கள் உள்ளன. ஞாயிறு முதல் செவ்வாய் வரை ‘ஆதாம்’ மெட்டு. புதன் முதல் சனி வரை ‘வாத்தோஸ்’ மெட்டு. திங்களுக்குரிய பாடல் ஆதாமின் பெயரையும், வியாழனுக்குரியது முட்செடியைக் குறிக்கும் ‘வாத்தோஸ்’ என்ற சொல்லையும் முதலில் கொண்டு தொடங்குவதால் மெட்டுகள் இப்பெயர்களைப் பெற்றன.

மோசே கண்ட முட்செடியில் தீ எரிந்தது, கிளைகள் கருகவில்லை. வியாழனுக்குரிய பாடல் இச்செடியை மரியாவாகவும், தீயை அவள் கருவில் தங்கிய இறைமையாகவும் காண்கிறது. இதனை மரியாவின் கன்னிமைக்கான உவமை என்று மட்டும் கொள்வது குறைபாடாகும். அதே இரவில் மூன்றாம் ஹோஸும் பாடப்படுவதால், சூளையில் கருகாத உடல்களும் தீயில் கருகாத செடியும் ஒன்றையொன்று விளக்குகின்றன. சூளையில் நெருப்பு மனிதரை வெளியே சூழ்கிறது. முட்செடியில் அது உள்ளே உறைகிறது.

ஞாயிற்றுக்கிழமைப் பாடல், திருக்கூடாரத்துப் பொருள்களான பேழை, மன்னா வைத்த பொற்கலம், பொன் விளக்குத்தண்டு, பொன் தூபக்கலசம் ஆகியவற்றை மரியாவுக்கு உரியனவாக்குகிறது. தூபக்கலசம் தாங்கும் கங்கு கிறிஸ்து. இக்கங்கிற்கு ஓர் இறையியல் வரலாறு உண்டு. எசாயா கண்ட பலிபீடக் கங்கைச் சிரில் எடுத்துக்காட்டி, விறகில் நெருப்பு முற்றும் ஊடுருவியும் விறகு விறகாகவே இருப்பதுபோல, இறைமையும் மனிதமும் கிறிஸ்துவில் ஒன்றாயின என விளக்கினார். உள்ளும் புறமும் பொன் வேய்ந்த, மட்காத மரத்தாலான பேழையைப் பற்றிய அடிகளும் இரண்டிலிருந்து ஒருவர் என்ற இக்கருத்தையே மொழிகின்றன. 451ஆம் ஆண்டு கால்செதோன் சங்கத்தின் ‘இரு இயல்புகள்’ என்ற வரையறையைக் கோப்தியர் ஏற்கவில்லை. அச்சங்கத்தை மறுத்த திருச்சபை தன் கிறிஸ்தியலை ஏட்டில் வாதமாக எழுதியதோடு அமையாமல், தூபக்கலசத்தின் கங்கிலும் வைத்துப் பாடியது. கிரேக்கக் கலைச்சொற்களை அறியாத பாமரரும் அதனை மெட்டோடு மனப்பாடம் செய்ய முடிந்தது.

கியாக் மாத அமைப்பு

கிறிஸ்து பிறப்பு விழா கியாக் 29ஆம் நாளில், பெரும்பாலும் சனவரி 7இல், அமைகிறது. அதற்கு முந்திய வாரங்களில் நிகழும் இரவு வழிபாடு ‘ஏழும் நான்கும்’ எனப்படும். ஏழு தியோடோக்கியாக்களும் நான்கு ஹோஸ்களும் அதில் கலந்து வருவதே காரணம். மற்ற மாதங்களில் நாளுக்கு ஒன்றாகப் பிரிந்து கிடக்கும் முட்செடி, கங்கு, பொன் விளக்கு ஆகியன அன்று சூளையோடும் கடலோடும் ஒரே இரவுக்குள் வந்து சேர்கின்றன.