ஒன்றாம் எண் யாருக்கு?

ரூஜில் கூடைப்பந்து விளையாடுற பிள்ளைகளே, ஸாக் ஈடியைத் தெரியுமா? எங்கட ரொறன்ரோவில் பிறந்தவர். உயரம் 7 அடி 4 அங்குலம்! அமெரிக்காவில் பர்டியூ பல்கலைக்கழக அணியில் ஆடினார்.

அங்கே ஒவ்வொரு மார்ச் மாதமும் பல்கலைக்கழக அணிகளுக்குப் பெரிய போட்டி நடக்கும். அதற்கு முன்னர் ஒரு குழு, யார் யாரை வென்றார்கள் என்று பார்க்கும். பலமான அணியை வென்றால் மதிப்புக் கூட. பிறகு அணிகளை நான்கு பிரிவுகளாக்கி, ஒவ்வொன்றிலும் 1 முதல் 16 வரை எண் கொடுக்கும். இந்த எண்ணுக்கு ஆங்கிலத்தில் 'விதை' என்று பெயர், வேடிக்கைதான்! 1ஆம் எண் கிடைத்தால், முதல் ஆட்டம் 16ஆம் எண் அணியோடு. சுகம்தானே?

2023இல் பர்டியூவுக்கு 1ஆம் எண். எதிரே ஃபேர்லி டிக்கின்சன் அணி. அதன் வீரர்கள் உயரத்தில் மிகவும் குறைந்தவர்கள். ஆனால் 63–58 என்று அவர்கள்தான் வென்றார்கள்!

2024இலும் பர்டியூவுக்கு 1ஆம் எண். இந்த முறை இறுதி ஆட்டம் வரை போனார்கள். அதில் ஈடி மட்டும் 37 புள்ளிகள் எடுத்தார். ஆனாலும் கோப்பை கனெக்டிகட் அணிக்குத்தான். அவர்களுக்கும் 1ஆம் எண்தான்.