மருந்துக் கடையில் வைத்தியமா?

குழந்தைக்கு ஜுரம் கண்டால் பெற்றோர் மனம் பதறுவது இயற்கை. அப்பதற்றத்தில் வைத்தியரை நாடாமல் மருந்துக் கடையை நாடும் வழக்கம் தேசமெங்கும் வேரூன்றியிருக்கிறது. நமது செட்டிநாடும் இதற்கு விலக்கல்ல. தகப்பனார் நோயைச் சொல்லுகிறார்; கடைக்காரர் அமாக்ஸிஸிலினோ அஸித்ரோமைஸினோ எடுத்துக் கொடுக்கிறார். மூத்த பிள்ளைக்கு வாங்கி மிஞ்சியதை இளைய பிள்ளைக்குப் புகட்டும் வீடுகளும் உண்டு. தண்ணீர் கலந்த ஸிரப் சில தினங்களே வீரியமுடையது என்பதையும், குழந்தையின் எடைக்கேற்ப அளவு மாறும் என்பதையும் அவர்கள் அறியார்.

சளியும் இருமலும் பெரும்பாலும் வைரஸினால் வருவன. ஆண்டிபயாடிக் மருந்துகள் பாக்டீரியாவையே கொல்லும். வைரஸை அவை தீண்டா. ஜுரம் தானே தணிகிறது. புகழ் மருந்துக்குப் போகிறது. உடலிலுள்ள பாக்டீரியாக்களில் மடிபவை மடிய, மருந்துக்கு அடங்காதவை பெருகுகின்றன. பின்னொரு நாள் மெய்யாகவே நிமோனியா வரும்போது அம்மருந்து கைவிட்டுவிடக் கூடும்.

பெனிஸிலினைக் கண்டுபிடித்த அலெக்ஸாண்டர் பிளெமிங், 1945-ல் நிகழ்த்திய நோபல் பிரசங்கத்திலேயே இவ்வபாயத்தை எச்சரித்தார். தொண்டை நோய்க்குத் தானே மருந்து வாங்கிக் குறைவாக உண்ட ஒருவன், அதனால் வலுப்பெற்ற கிருமியைத் தன் மனைவிக்கே தொற்றவைத்து அவளை இழப்பதாக அவர் ஓர் உதாரணம் கூறினார். 2019-ல் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களால் உலகில் சுமார் 12,70,000 பேர் மாண்டதாக லான்செட் பத்திரிகையில் வெளியான மதிப்பீடு கூறுகிறது.

சட்டம் இல்லாமலில்லை. வைத்தியர் சீட்டின்றி இம்மருந்துகளை விற்கலாகாது. 2012-ல் வைத்திய சங்கங்கள் கூடி வெளியிட்ட சென்னைப் பிரகடனம் கட்டுப்பாடு கோரிற்று. 2013-ல் சர்க்கார் எச்1 அட்டவணையைப் பிரசுரித்து, 2014 மார்ச் 1 முதல் அமலாக்கிற்று. அதன்படி செபிக்ஸிம் முதலிய மருந்துகளை விற்போர், வைத்தியர் பெயரையும் நோயாளி பெயரையும் பதிவேட்டில் எழுதி 3 ஆண்டுகள் காத்துவைக்க வேண்டும். ஏட்டிலுள்ள சட்டம் கடை மேஜைக்கு வந்து சேர வேண்டாமா?

பெற்றோரை மாத்திரம் குறை கூறோம். ஆஸ்பத்திரியில் காத்திருந்தால் கூலிக்காரத் தாய்க்கு ஒரு நாள் கூலி போகிறது. கடையிலோ ஐந்து நிமிஷத்தில் காரியம் முடிகிறது. ஆகவே மாலை வேளையிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களில் வைத்தியர் இருக்குமாறு சர்க்கார் ஏற்பாடு செய்ய வேண்டும். இன்ஸ்பெக்டர்கள் கடைப் பதிவேடுகளைத் தவறாது பரிசோதிக்க வேண்டும்.

மேடைதோறும் முழங்கும் தொண்டர்களுக்கும் ஒரு வார்த்தை. வீடுதோறும் சென்று தாய்மாரிடம் இதைச் சொல்லுங்கள்: மூச்சு இரைத்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ குழந்தையை உடனே வைத்தியரிடம் கொண்டு போக வேண்டும், அவர் எழுதாத ஆண்டிபயாடிக் ஒரு துளியும் வேண்டாம். பொதுக்கூட்டத்தை விட இத்தொண்டு சிறிதன்று.